அல்-முயிஸ் வீதியை வடக்கிலிருந்து தெற்காக நடப்பது எப்படி: வன்னியிலிருந்து கெய்ரோ செல்வோருக்கு

கெய்ரோவின் பழைய நகரை ஊடறுத்துச் செல்லும் அல்-முயிஸ் வீதி ஒன்றரைக் கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவான நீளமுடையது. வேகமாக நடந்தால் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் மத்தியகால இஸ்லாமியக் கட்டடங்கள் இவ்வளவு நெருக்கமாக நிற்கும் வீதியை வேறெங்கும் காண்பது அரிது என்பதால், அந்த வீதிக்கு ஒரு முழுப் பகலை ஒதுக்கவேண்டும் என்பதே எனது உறுதியான கருத்து. வளைகுடாவில் வேலைசெய்துவிட்டு ஊருக்குத் திரும்பும் வழியில் இரண்டு நாள் அங்கே தங்குகிறவர்களும், உம்றாவை முடித்துக்கொண்டு செல்கிறவர்களும், அல்-அஸ்ஹர் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகிற பெற்றோரும் வவுனியா, மன்னார், முல்லைத்தீவுப் பக்கங்களில் இருக்கிறார்கள். அவர்களுட் பெரும்பாலானோர் பிரமிட்டுகளையும் கான் அல்-கலீலிக் கடைத்தெருவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்தக் கடைத்தெருவுக்கு மிக அருகிலேயே ஓடும் இந்த வீதியை எப்படி நடந்து பார்ப்பது என்பதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் தடவை நான் போனபோது கடைத்தெருவின் பக்கமிருந்து, அதாவது வீதியின் நடுவிலிருந்து, நண்பகல் நேரத்தில் உள்ளே நுழைந்தேன். எது முந்தியது, எது பிந்தியது என்று விளங்கவில்லை. எல்லாக் கட்டடங்களும் ஒரே கட்டடம் போலத் தெரிந்தன. மூன்று மணிக்குள் களைத்துப்போய்த் திரும்பினேன். அடுத்த தடவை வடக்கு வாயிலில் காலையில் தொடங்கித் தெற்கு வாயிலில் மாலையில் முடித்தேன். அன்றைக்குத்தான் வீதி எனக்குப் பிடிபட்டது. ஆகவே முதலாவது விதி, வடக்கே பாப் அல்-ஃபுதூஹ் வாயிலில் தொடங்கித் தெற்கே பாப் ஸுவைலா வாயிலில் முடிப்பது. காலை வெயில் வலப்பக்கத்துக் கட்டடங்களின் முகப்பில் விழும். வீதியின் மிகப் பெரிய கட்டடங்கள் அந்தப் பக்கத்திலேயே வரிசையாக நிற்கின்றன. மாலையில் ஸுவைலா வாயிலின் மேல் ஏறி, நடந்து வந்த வீதியைத் திரும்பிப் பார்க்கவும் முடியும்.

நிலத்தடி ரயிலில் பாப் அஷ்-ஷஃரிய்யா நிலையத்தில் இறங்கினால் வடக்கு வாயிலுக்கு நடந்தே போகலாம். வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், ஜும்ஆ நேரத்தில் பள்ளிவாசல்களைச் சுற்றிப் பார்ப்பது தொழ வந்தவர்களுக்கு இடைஞ்சல். கார்த்திகை முதல் மாசி வரையான மாதங்கள் நடப்பதற்கு உகந்தவை. ஆனால் அங்கே அது உண்மையான குளிர்காலம். நம்முடைய மாரிகாலக் குளிரை நினைத்துக்கொண்டு மெல்லிய சட்டையோடு போகக்கூடாது. பள்ளிவாசல்களில் பாதணியைக் கழற்றவேண்டியிருப்பதால் இலகுவில் கழற்றக்கூடிய சப்பாத்தும், அதைப் போட்டுத் தூக்கிச் செல்ல ஒரு துணிப்பையும் வேண்டும். பெண்கள் தலையை மூட ஒரு சால்வையைக் கையில் வைத்திருப்பது நல்லது. வீதியிலுள்ள முக்கிய கட்டடங்கள் பலவற்றைச் சேர்த்துப் பார்ப்பதற்கு ஒரே நுழைவுச்சீட்டு உண்டு. எவை அதில் அடங்கும், எவற்றுக்குத் தனிச்சீட்டு வேண்டும் என்பதைச் சீட்டு வாங்கும்போதே கேட்டு, சீட்டின் பின்புறத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வழிகாட்டி ஒருவரை அமர்த்துவதாயின் கூலியை முன்கூட்டியே பேசிவிடுங்கள். கடைகளுக்குக் கூட்டிச்செல்ல வேண்டாம் என்பதையும் தொடக்கத்திலேயே மரியாதையாகச் சொல்லிவிடவேண்டும். நீங்களே ஒரு குழுவை அழைத்துச் செல்வதாயின் எட்டுப் பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு கட்டடத்துக்கும் எதிர்ப்பக்கத்து ஓரத்தில் நின்று, சொல்லவேண்டியதை வெளியிலேயே சொல்லி முடித்துவிட்டு, உள்ளே பேசாமல் செல்லுங்கள்.

இவற்றுக்கு மேலாக இரண்டு காரியங்களைச் செய்யும்படி கேட்பேன். கைபேசியிலுள்ள திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாசலிலும் வீதி எந்தத் திசையில் ஓடுகிறது, உள்ளே தொழும் திசையைக் காட்டும் சுவர்மாடமான மிஹ்ராப் எந்தத் திசையில் இருக்கிறது என்று பாருங்கள். அடுத்ததாக, ஒவ்வொரு கட்டடத்திலும் தண்ணீர் எங்கே கொடுக்கப்பட்டது என்று தேடுங்கள். கட்டடக்கலையைப் படிக்காத ஒருவருக்கும் இந்த வீதியைத் திறந்துவிடுவன இவ்விரண்டுமே.

திசை ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லவேண்டும். நமது நாட்டில் கிப்லா, அதாவது தொழும்போது மக்காவை நோக்கி நிற்கும் திசை, மேற்குப் பக்கம், சற்று வடக்கே சாய்ந்த மேற்கு. கெய்ரோவிலோ அது தென்கிழக்கு. அல்-முயிஸ் வீதி ஏறக்குறைய வடக்குத் தெற்காக ஓடுவதால், அதன் ஓரத்தில் பள்ளிவாசலோ மத்ரஸா எனும் மார்க்கக் கல்விக்கூடமோ கட்ட வந்த எவரும் வீதிக்கு ஒரு கோணத்தையும் தொழுகைக்கு இன்னொரு கோணத்தையும் கொடுக்கவேண்டியிருந்தது. வாய்க்காலை ஒட்டி ஒழுங்கைகள் வெட்டப்பட்ட நம் குடியேற்றத்திட்டக் கிராமங்களில் இதே சிக்கலைக் கண்டிருப்பீர்கள். காணியின் எல்லை ஒரு பக்கம் பார்க்கும், ஸஃப் எனும் தொழுகை வரிசை இன்னொரு பக்கம் பார்க்கும். பாயை விரித்து முடித்தபின் மூலையில் முக்கோணமாக ஓர் இடம் மிஞ்சிக் கிடக்கும். அந்த முக்கோணத்தை என்ன செய்வது என்ற கேள்விக்குப் பல நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்ட விடைகள் இந்த வீதியில் நிற்கின்றன.

பாத்திமிய வம்சத்துக் கலீபா அல்-முயிஸின் படைத்தலைவர் ஜவ்ஹர் 969ஆம் ஆண்டில் எகிப்தைக் கைப்பற்றி, கலீபாவின் அரண்மனை நகராக அல்-காஹிராவை, அதாவது கெய்ரோவை, அமைத்தார். வீதியின் பெயர் அந்தக் கலீபாவினுடையது. ஜவ்ஹர் கட்டிய செங்கல் மதில் நிலைக்கவில்லை. ஆர்மீனியரான வஸீர் (முதலமைச்சர்) பத்ர் அல்-ஜமாலி 1087 முதல் 1092 வரையான ஆண்டுகளில் கல்லால் எழுப்பிய மதிலின் மூன்று பெரிய வாயில்கள் இன்றும் நிற்கின்றன. நீங்கள் தொடங்கும் பாப் அல்-ஃபுதூஹ் அவற்றுள் ஒன்று. கிழக்கே சில நிமிட நடையில் இருக்கும் பாப் அந்-நஸ்ரையும் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அதன் கோபுரங்கள் சதுரமானவை, கேடயங்கள் செதுக்கப்பட்டவை. ஃபுதூஹின் கோபுரங்கள் முன்புறம் வளைந்தவை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஒரே ஆட்சியாளர் ஒரே காலத்தில் எழுப்பிய வாயில்களுக்கும் இரண்டு முகங்கள் இருந்தன என்பது புலப்படும்.

எங்கள் குழுவில் மன்னார்ப் பக்கத்தைச் சேர்ந்த, வயதான மேசன் ஒருவர் இருந்தார். ஃபுதூஹ் வாயிலின் வளைவுக்குக் கீழே அவர் நின்றுவிட்டார். நாங்கள் எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருக்க, அவர் கைக்கெட்டிய உயரத்தில் இரண்டு கற்கள் சேரும் இடத்தைப் பெருவிரல் நகத்தால் தடவிக்கொண்டிருந்தார். "இந்தப் பொருத்துக்குள்ள நகமும் போகாது, தம்பி" என்றார். அதன் பிறகு நானும் ஒவ்வொரு கட்டடத்திலும் கல்லின் பொருத்தைப் பார்க்கத் தொடங்கினேன். நீங்களும் பாருங்கள், செதுக்குவேலைகளைப் பார்ப்பதற்கு முன்பு அதைப் பார்க்கவேண்டும்.

வாயிலைக் கடந்தவுடன் இடப்பக்கத்தில் அல்-ஹாகிம் பள்ளிவாசல். 990இல் தொடங்கி 1013இல் முடிக்கப்பட்டது. காலப்போக்கில் அது இடிந்துபோய், குதிரை இலாயமாகவும் வேறு பல தேவைகளுக்காகவும் பயன்பட்டு, 1980இல் தாவூதி போஹ்ரா சமூகத்தாரால் மீண்டும் எழுப்பப்பட்டது. கொழும்பிலே வணிகம் செய்யும் போஹ்ராக்களை அறிந்தவர்களுக்கு அந்தப் பெயர் புதிதாக இராது. முற்றத்தின் பளிங்கு பளபளவென்றிருக்கிறது. பழைமை அழிந்துவிட்டது என்று குறை சொல்வோர் பலர். போரில் கூரை போன கோயில்களையும் பள்ளிவாசல்களையும் தேவாலயங்களையும் திரும்பக் கட்டி எழுப்பிய வன்னி மக்களுக்கு இந்த வழக்கின் இரண்டு பக்கமும் தெரியும். தொழ ஆள் இல்லாத அழகான இடிபாட்டைவிடச் சிறுவர்கள் ஓடித்திரியும் புதுப் பளிங்கு மேலானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் மினாராக்களின், அதாவது பாங்கு சொல்லும் கோபுரங்களின், அடிப்பகுதியைக் கட்டாயம் கவனியுங்கள். மூல மினாராக்களைச் சுற்றிப் பெருஞ்சதுரக் கல் உறைகள் பின்னாளில் எழுப்பப்பட்டன. 1303ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பிறகு மேற்பகுதிகள் திருத்திக் கட்டப்பட்டன. ஆகவே கீழிருந்து மேல்வரை ஒரே காலத்து வேலையாக அவற்றை எண்ணிவிடவேண்டாம்.

சற்றுத் தெற்கே இடப்பக்கமாகப் பிரியும் தர்ப் அல்-அஸ்ஃபர் ஒழுங்கையில் பைத் அஸ்-ஸுஹைமி என்ற வீடு இருக்கிறது. 1648இல் தொடங்கி, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் விரிவாக்கப்பட்ட அது மத்தியகாலத்தைச் சேர்ந்ததன்று; ஆனாலும் வெயில் ஏறுமுன் ஒரு மணி நேரத்தை அதற்குக் கொடுக்கலாம். தெருக்கதவைக் கடந்ததும் வழி திரும்பிவிடுவதால், தெருவில் நிற்பவரால் முற்றத்தைப் பார்க்க முடியாது. நாற்சார் வீட்டில் வளர்ந்தவர்கள் அந்த முற்றத்தில் உட்கார்ந்தவுடனேயே அதன் காற்றோட்டத்தை அடையாளம் கண்டுகொள்வார்கள். மேலே மரக்கடைசலால் பின்னிய மஷ்ரபிய்யாச் சாளரங்களுக்குப் பின்னால் நின்று முற்றத்தைப் பாருங்கள். நீங்கள் எல்லோரையும் காண்பீர்கள், உங்களை ஒருவரும் காணமாட்டார்கள்.

மீண்டும் வீதிக்கு வந்து நூறு அடி நடப்பதற்குள் இடப்பக்கத்தில் அல்-அக்மர் பள்ளிவாசல் வரும். சிறிய கட்டடம். அவசரமாக நடப்பவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். என்னைக் கேட்டால், முழு வீதியிலும் மிக நீண்ட நேரம் நிற்கவேண்டிய இடம் இதுதான். 1125இல், கலீபா அல்-ஆமிரின் காலத்தில், வஸீர் அல்-மஃமூன் அல்-பதாஇஹி இதைக் கட்டுவித்தார். முகப்பின் நடுவில், விசிறி போல விரிந்த கதிர்களையுடைய ஒரு வளைவும், அதன் நடுவே வட்டத்துக்குள் முஹம்மத், அலீ என்ற பெயர்களும் இருக்கின்றன. முகப்பின் ஒரு பக்கத்தைப் பின்னாளில் எழுந்த வீடொன்று மறைத்திருந்தது. அந்த வீடு அகற்றப்பட்டபின், மறுபக்கத்தைப் பார்த்து அது புதிதாகக் கட்டப்பட்டது. எது பழைய கல், எது புதிய கல் என்று கண்டுபிடிப்பதைக் குழுவிலுள்ள பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.

இப்போது திசைகாட்டியை எடுங்கள். முகப்பு வீதிக்குச் சமாந்தரமாக நிற்கிறது. உள்ளே முற்றமும் தொழும் மண்டபமும் கிப்லாவை நோக்கித் திரும்பியிருக்கின்றன. கெய்ரோவில் இன்று எஞ்சியுள்ள பள்ளிவாசல்களில், வெளிச்சுவரை வீதிக்கும் உட்புறத்தை மக்காவுக்கும் இணங்கும்படி தனித்தனியே திருப்பிக் கட்டியதில் இதுவே முந்தியது. இரண்டு கோணங்களுக்கும் இடையில் ஆப்பு வடிவத்தில் ஓர் இடம் மிஞ்சுமல்லவா? அதைக் கட்டியவர் வீணாக்கவில்லை; சிறு அறைகளையும் படிக்கட்டையும் அதற்குள் அடக்கிவிட்டார். வாசலுக்குள் நின்று இடப்பக்கத்துச் சுவரின் தடிப்பையும் வலப்பக்கத்துச் சுவரின் தடிப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தால் அந்த ஆப்பு எங்கே தடித்து எங்கே மெலிகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். நம்மூர்ப் பள்ளிவாசலில் பாயின் மூலையில் மிஞ்சிய அதே முக்கோணம், இங்கே ஒரு சுவரின் வயிற்றுக்குள் அறையாக மாறியிருக்கிறது. இதைப் பார்த்துப் பழகிவிட்டால், இனி வரும் ஒவ்வொரு கட்டடத்திலும் அதே திருப்பத்தை நீங்களே கண்டுபிடிப்பீர்கள். வழிகாட்டியின் உதவி தேவைப்படாது.

அடுத்து வீதி கவட்டையாகப் பிரியும் இடத்தில், பிரிவின் நடுவே, அப்துர் ரஹ்மான் கத்குதா 1744இல் கட்டிய ஸபீல்-குத்தாப் நிற்கிறது. கீழே வழிப்போக்கர்களுக்கு இலவசமாகத் தண்ணீர் கொடுக்கும் மண்டபம். மேலே ஏழைப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்த பள்ளி. இந்த இணைப்பு கெய்ரோவுக்கே உரியது எனலாம். திருவிழாக் காலத்தில் வீதியோரத்தில் தண்ணீர்ப் பந்தல் போடுவதை நாம் அறிவோம். பந்தலைக் கல்லால் கட்டி, ஆண்டு முழுவதும் நடத்துவதற்கு வருமானத்தையும் எழுதிவைத்து, மேலே ஒரு பள்ளிக்கூடத்தையும் ஏற்றி வைத்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். தண்ணீர் வந்த வழியைக் கேட்டால் வன்னிக்காரர் எவரும் காதைத் தீட்டிக்கொள்வார்கள். நைல் நதி ஆண்டுக்கொரு தடவை பெருகும் காலத்தில், தோற்பைகளில் நீரை நிரப்பி ஒட்டகங்களில் ஏற்றி வந்து, மண்டபத்தின் கீழே நிலத்துக்குள் கட்டப்பட்ட தொட்டியை நிரப்பினார்கள். அடுத்த பெருக்கு வரை அந்த நீரே போதவேண்டும். மாரியில் நிரம்பிய குளத்தை நம்பிச் சிறுபோகம் வரை கணக்குப் பார்க்கும் நமக்கு, இந்தக் கணக்கு நன்றாகவே விளங்கும். மண்டபத்துக்குள் ஓடுகளில் தீட்டப்பட்ட கஃபாவின் படத்தையும், வெண்கலக் கிராதியின் கீழ்ப்பகுதியில் கிண்ணம் நீட்டுவதற்காக விடப்பட்ட சிறு வளைவுகளையும் பார்க்கத் தவறாதீர்கள். அந்த வளைவுகளில் ஒன்றுக்குள் கையை நீட்டிப் பாருங்கள். ஒரு கிண்ணமும் ஒரு கையும் போகும் அளவுதான் இருக்கும்.

இங்கிருந்து தெற்கே உள்ள பகுதிக்கு "இரண்டு அரண்மனைகளுக்கு நடுவே" என்ற பொருளில் பைன் அல்-கஸ்ரைன் என்று பெயர். பாத்திமியரின் கிழக்கு அரண்மனையும் மேற்கு அரண்மனையும் மறைந்துவிட்டன. பெயர் மட்டும் நிற்கிறது. அவை நின்ற நிலத்தில் பின்வந்த சுல்தான்கள் ஒருவர் பக்கத்தில் ஒருவராகக் கட்டிக்கொண்டார்கள். வலப்பக்கத்தில் அடுத்தடுத்து பர்கூக், அந்-நாஸிர் முஹம்மத், கலாவூன் ஆகியோரின் கட்டடங்கள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. நீங்கள் வடக்கிலிருந்து வருவதால் காலத்தில் பிந்தியது முதலில் வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

பர்கூக்கின் மத்ரஸா 1384 முதல் 1386 வரையான காலத்தில் எழுந்தது. வெண்கலத் தகடு பொருத்தி வெள்ளி இழைத்த கதவைப் பார்த்துவிட்டு, வளைந்து செல்லும் நடைவழியால் முற்றத்துக்குள் போங்கள். தொழும் மண்டபத்தின் கூரையில் நீலமும் பொன்னும் தீட்டப்பட்டிருக்கின்றன. அதைப் பார்க்க நின்றுகொண்டே அண்ணாந்தால் கழுத்து வலிக்கும், கம்பளத்தில் உட்கார்ந்து பாருங்கள். அந்-நாஸிரின் கட்டடம் 1295 முதல் 1303 வரை கட்டப்பட்டது. அதன் வாசல் வெண்பளிங்கில் அமைந்த கொதிக் பாணிக் கிறிஸ்தவத் தேவாலய வாசல். சிலுவைப் போராளிகளின் கடைசிப் பெருந்தளமான அக்கோ நகரம் 1291இல் வீழ்ந்தபோது அங்கிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது. மெல்லிய தூண்கள் கொத்துக் கொத்தாக உள்நோக்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. மடுவிலோ மன்னாரிலோ தேவாலயங்களைப் பார்த்துப் பழகிய கண் அதை உடனே இனங்காணும்.

கலாவூனின் கட்டடத்துக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். 1284இலும் 1285இலும், ஓராண்டைச் சற்றுத் தாண்டிய காலத்தில், மருத்துவமனை, மத்ரஸா, அடக்கத்தலம் ஆகிய மூன்றும் கட்டி முடிக்கப்பட்டன. வாசலுக்குள் நுழைந்தால் உயர்ந்த நடைவழி. வலப்பக்கம் அடக்கத்தலம், இடப்பக்கம் மத்ரஸா, முடிவில் மருத்துவமனை. இளமையில் சுகவீனமுற்றுத் தமஸ்கஸ் மருத்துவமனையில் பண்டுவம் பார்க்கப்பட்டபோது, தாம் ஆட்சிக்கு வந்தால் இதுபோலொன்று கட்டுவதாகக் கலாவூன் நேர்ந்துகொண்டார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அங்கே காய்ச்சலுக்கும் கண்நோய்க்கும் காயத்துக்கும் தனித்தனி இடங்கள் இருந்தன. ஆண்களும் பெண்களும், ஆள்வோரும் அடிமைகளும் காசு கொடுக்காமல் பார்க்கப்பட்டார்கள். அந்த இடத்தில் இன்றும் ஒரு கண் மருத்துவமனை நடக்கிறது. அடக்கத்தலத்தில் நான்கு பெருந்தூண்களும் நான்கு பாறைத்தூண்களும் எண்கோணமாக நின்று குவிமாடத்தைத் தாங்குகின்றன. எருசலேமின் பாறைக் குவிமாடத்தின் அமைப்பை இது நினைவூட்டும். கலாவூனும் மகன் அந்-நாஸிரும் இங்கேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். மிஹ்ராபின் எதிரே நின்று திசைகாட்டியைப் பாருங்கள். இந்தக் கட்டடம் வீதியின் மேற்கே இருப்பதால் கிப்லாச் சுவரே வீதியோரச் சுவராகவும் அமைகிறது. அதில் சன்னல்கள் வைக்கப்பட்டிருப்பதால் உள்ளே ஓதுவது தெருவில் போகிறவர் காதில் விழும், அவர் துஆ எனும் வேண்டுதலைச் செய்துவிட்டுப் போவார். அல்-அக்மரில் வாசற் பக்கத்தில் கண்ட திருப்பம் இங்கே மிஹ்ராபின் பக்கத்துக்கு மாறிவிட்டது.

இந்த நடைவழியில் நிற்கும்போது நம் நாட்டோடு தொடர்புடைய இரண்டு செய்திகளைக் குழுவினருக்குச் சொல்லுங்கள். 1283இல், இந்த மருத்துவமனைக்கு அடித்தளம் இடப்படுவதற்கு முந்திய ஆண்டில், யாப்பகூவாவிலிருந்து ஆண்ட முதலாம் புவனேகபாகு மன்னனின் தூதுக்குழு கெய்ரோவுக்கு வந்து இதே கலாவூனிடம் கடிதம் கொடுத்தது. முத்தும் மணியும் யானையும் கறுவாவும் தன்னிடம் உண்டென்றும், வணிக உறவு வேண்டுமென்றும் மன்னன் சொல்லியனுப்பினான். முத்து என்றால் அது மன்னார்க் கடலின் முத்தேயன்றி வேறெது? அதன் பிறகு, 1326இல் கெய்ரோவைப் பார்த்த இப்னு பதூதா இந்த மருத்துவமனையின் சிறப்பைச் சொல்ல வார்த்தை போதாது என்று எழுதினார்; அதே மனிதர் 1344இல் இலங்கைக் கரையில் இறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியின் அவையில் முத்துக்களைப் பார்த்தார், அவற்றில் சிலவற்றைப் பரிசாகவும் பெற்றார். மன்னாரிலிருந்து வந்தவர்கள் இதைக் கேட்டபோது, அதுவரை அந்நியமாயிருந்த நடைவழியில் சற்று நிமிர்ந்து நின்றதை நான் கண்டேன்.

எதிர்ப்பக்கத்தில், சுல்தான் ஸாலிஹ் அய்யூப் 1240களில் கட்டிய மத்ரஸாவின் எச்சமும் அவரது அடக்கத்தலமும் இருக்கின்றன. நான்கு மத்ஹபுகளையும், அதாவது இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளையும், ஒரே கூரையின் கீழ் கற்பித்த முதல் மத்ரஸா கெய்ரோவில் அதுவே. அடக்கத்தலத்தை 1250இல் கட்டுவித்தவர் அவரது மனைவி ஷஜருத்துர். கணவன் இறந்தபின் அதே ஆண்டில் எகிப்தைத் தாமே சில மாதங்கள் ஆண்டவர். அந்தப் பெயருக்கு முத்துக்களின் மரம் என்று பொருள்.

இதற்கப்பால் செப்புப் பாத்திரக் கடைகளும் பொன் வணிகரும் வருகிறார்கள். இடப்பக்கம் திரும்பினால் கான் அல்-கலீலி. 1382இல் ஜஹார்கஸ் அல்-கலீலி என்ற அமீர் அதை நிறுவினார். பகலுணவையும் லுஹர்த் தொழுகையையும் இங்கே முடித்துக்கொள்ளுங்கள், கடைகளுக்குள் போகாதீர்கள். போனால் மாலை வரை வெளியே வரமாட்டீர்கள். தெற்கே சற்றுத் தள்ளி வலப்பக்கத்தில் சுல்தான் பர்ஸ்பாயின் 1425ஆம் ஆண்டுக் கட்டடம், வாசனைச்சரக்குக் கடைகளின் நடுவே. மிளகு முதலிய சரக்குகளின் வணிகத்தை அரசின் தனியுரிமையாக்கிக்கொண்ட சுல்தான் அவர் என்பதை அறிந்துவிட்டுப் பார்த்தால், அந்த இடத்தைத் தெரிந்தெடுத்ததன் காரணம் புரியும்.

அல்-அஸ்ஹர் பெருவீதி குறுக்கிடும் இடத்தில் வாகனங்கள் நிற்காமல் ஓடும். முதியவர்கள் இருந்தால் கடப்பதில் மிகவும் கவனமாயிருங்கள். மறுபக்கத்தில் சுல்தான் அல்-கூரியின் இரு கட்டடங்கள் வீதியின் இருபுறமும் எதிரெதிரே நிற்கின்றன. 1503 முதல் 1505 வரை கட்டப்பட்டவை. தமக்கென அடக்கத்தலத்தைக் கட்டிய அல்-கூரி 1516இல் மர்ஜ் தாபிக் போரில் மாண்டார், உடல் கண்டெடுக்கப்படவில்லை. இந்தத் தெற்குப் பகுதியில் துணிக்கடைகளே அதிகம், சுற்றுலாப் பயணிகள் குறைவு, ஊர்மக்கள் தமக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு போவார்கள். படம் எடுப்பதைக் குறைத்துக்கொண்டு வழிவிட்டு நடந்தால் ஒருவரும் உங்களைத் தொந்தரவு செய்யமாட்டார்கள்.

மாலைத் தொழுகையான அஸர் நேரத்துக்குப் பாப் ஸுவைலாவை அடையும்படி கணக்கிட்டுக்கொள்ளுங்கள். வாயிலுக்கு உட்புறம் வலப்பக்கத்திலுள்ள பள்ளிவாசலைக் கட்டியவர் சுல்தான் அல்-முஅய்யத் ஷைக். அவர் இளமையில் அதே இடத்திலிருந்த சிறையில் அடைபட்டிருந்தார். விடுதலையாகி ஆட்சிக்கு வந்தால் சிறையை இடித்து அங்கே பள்ளிவாசல் கட்டுவதாக நேர்ந்து, 1415இல் வேலையைத் தொடங்கினார். பள்ளிவாசலின் இரண்டு மினாராக்களையும் 1092ஆம் ஆண்டு வாயிற் கோபுரங்களின் மேலேயே அவருடைய கட்டடக்காரர் ஏற்றி வைத்தார். 1517இல், கலாவூன், பர்கூக், அல்-கூரி முதலியோரின் வரிசையான மம்லூக் சுல்தான்களில் கடைசியானவர் தூமான் பே இந்த வாயிலில் தூக்கிலிடப்பட்டதோடு அந்த ஆட்சியும் முடிந்தது.

வாயிலின் மேலும் மினாராவின் மேலும் ஏறுவதற்குத் தனிச்சீட்டு வேண்டும். படிகள் ஒடுக்கமானவை, உள்ளே இருட்டு; கைபேசியின் வெளிச்சத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். சேலை, அபாயா அணிந்தவர்கள் கரையைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறவேண்டும். மேலேயிருந்து இறங்குகிறவர் வந்தால் திரும்புமிடத்தில் ஒதுங்கி நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. முழங்கால் நோவுள்ளவர்கள் வாயிலின் மேற்தளத்தோடு நின்றுவிடலாம். அங்கிருந்தே போதியளவு தெரியும்.

வடக்கே திரும்பி நில்லுங்கள். காலையிலிருந்து நடந்து வந்த வீதி, கூரைகளுக்கிடையில் ஒரு வெட்டுப்போலத் தெரியும். இடக்கைப் பக்கத்தில், அதாவது காலையில் வலப்பக்கமாயிருந்த பக்கத்தில், தொலைவில் கலாவூனின் மினாராவும் அந்-நாஸிரின் மினாராவும் பர்கூக்கின் குவிமாடமும் ஒன்றையொன்று அடுத்து நிற்பதை அடையாளம் கண்டுபிடியுங்கள். பின்பு கிட்ட உள்ள கூரைகளைப் பாருங்கள். வீதியோரச் சுவர்கள் வீதியோடு ஓடுகின்றன. அவற்றுக்குப் பின்னால் பள்ளிவாசல்களின் முற்றங்களோ ஒவ்வொன்றாகத் தென்கிழக்கே தோள் சாய்த்துத் திரும்பியிருக்கின்றன. திசைகாட்டியை இனிப் பையில் வைத்துவிடலாம். இறங்கியபின் வாயிலுக்கு வெளியே தெற்கே நேராகச் சென்றால், கூடாரத் துணி தைப்பவர்களின் கூரையிட்ட தெரு வரும். அந்தித் தொழுகையான மஹ்ரிப் வரை அங்கே உட்கார்ந்து அவர்கள் துணியின் மேல் துணியை வெட்டி வைத்துத் தைப்பதைப் பார்க்கலாம், தங்குமிடம் திரும்ப வாடகைக் காரும் அந்தப் பக்கத்துப் பெருவீதியிலேயே கிடைக்கும்.